படமும் பாரம்பரியமும்

(பட்டினச்சேரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் "போட்டோப் படமும் நமது பாரம்பரியமும்" என்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். நான் போட்டோ பிடிக்கும் தொழில் தெரிந்தவனுமல்ல. பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காலேஜில் பட்டம் வாங்கினவனுமல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த புஸ்தகத்தைப் படித்தும், நாலு பேரிடம் கேட்டும் தெரிந்து கொண்டவன். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் இந்த ஊர்ச் சங்கதியையே எடுத்துக் கொள்ளுவோம். வருஷா வருஷம் மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்திலிருந்து சவுரிராஜப் பெருமாளைத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டு வருகிறார்கள். அந்தச் சாமி மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டினதாக ஒரு கதை. ஆதலால் பட்டினச்சேரிக்காரர்கள் அதை "மாப்பிள்ளை" என்று முறை சொல்லி வரவேற்கிறீர்கள். அன்றைக்கு ஊரெல்லாம் காமிரா. மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் படமும் வந்திருக்கும். அந்தக் கதை நடந்ததா, இல்லையா என்பது இன்றையப் பேச்சல்ல. நான் கேட்பது வேறு. அந்தப் படங்களிலே சப்பரம் விழுந்திருக்கிறது; குடை விழுந்திருக்கிறது; சாமி விழுந்திருக்கிறது. தூக்கிக் கொண்டு வந்தவன் தோளில் காய்த்துப் போன காய்ப்பு விழுந்திருக்கிறதா? அவன் பேர் படத்தின் கீழே இருக்கிறதா? அந்த ஒரு நாள் போக மற்ற 364 நாளும் இருட்டோடு எழுந்து கடலுக்குப் போகிறானே, அந்த நாட்களின் படம் எங்கே? மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் படம் ஆயிரம் இருக்கிறது. மாமனார் படம் ஒன்று கூட இல்லை என்றால் இது என்ன சம்பந்தம்?

இதை விளையாட்டுக்குச் சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். இந்தக் காரைக்கால் கரையிலும் அலை வந்து வீடு வாசலையும் மனிதரையும் வாரிக் கொண்டு போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது நாலு இளைஞர்களோடு சோறு பொட்டலம் கட்டிக் கொண்டு கடற்கரைக் குப்பங்களுக்குப் போனேன். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் கொண்டு, "தம்பி, எம் மவ படம் ஒண்ணு வேணும்" என்றார்கள். மகளை அலை கொண்டு போய்விட்டது. வீட்டோடு படமும் போய்விட்டது. தேடித் தேடி, வேறொருவர் கல்யாணத்தில் எடுத்த படத்தின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் முகம் பாதி விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். அந்தப் பாதி முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். இன்றைக்கும் அது அந்த வீட்டில் மாலையோடு தொங்குகிறது. போன வருஷம் அங்கே போனபோது பேரப் பிள்ளையைப் பார்த்து, "இது யாரப்பா?" என்றேன். "அத்தை" என்றான். "அத்தை என்ன செய்தாங்க?" என்றேன். "சாமியாயிட்டாங்க" என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அந்தப் பெண் கூடை சுமந்து காரைக்கால் வரைக்கும் மீன் விற்று, தம்பிமார் இரண்டு பேரைப் படிக்க வைத்தவள். அதைச் சொல்லுவதற்கு அந்தப் படத்தின் பின்னால் ஒரு வரி எழுத்துக் கூட இல்லை. தோழர்களே! செத்துப் போவது ஒரு சாவு. செத்தவர் யார், என்ன செய்தார் என்பது தெரியாமல் போவது இரண்டாவது சாவு. முதல் சாவைத் தடுக்க நம்மால் ஆகாது போகலாம். இரண்டாவதைத் தடுக்க முடியும்.

சரி, நம்மை யாரும் படம் பிடிக்கவே இல்லையா என்றால், பிடித்தார்கள். யார் பிடித்தார்கள், எதற்காகப் பிடித்தார்கள் என்பதைப் பாருங்கள்.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி, பெரிய மரக் காமிராவை வண்டியில் ஏற்றிக் கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராய்ப் போனார். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கல்வெட்டை மட்டும் 21 படமாக எடுத்து, வரிசையாய் ஒட்டினால் 19 அடி நீளம் வரும்படி செய்தார். அருமையான வேலை; மறுக்கவில்லை. ஆனால் அவர் படங்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டமே கிடையாது. அந்தக் காலத்துக் காமிராவுக்கு வெளிச்சம் வெகுநேரம் வேண்டும். கோயில் அசையாது, ஆகையால் படத்தில் நின்றது. மனிதன் அசைவான், ஆகையால் புகையாய்க் கரைந்து போனான். அது யந்திரத்தின் குற்றம். ஆனால் யந்திரம் திருந்தி நூற்றைம்பது வருஷமான பிற்பாடும் நாம் கோயிலைத்தானே எடுத்துக் கொண்டிருக்கிறோம்? இது யாருடைய குற்றம்? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1955-ல் ஏற்படுத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கோயில், சிற்பம், விக்கிரகம் இவற்றின் படங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கல்லுக்கு லட்சம் படம்; கல்லைச் சுமந்தவனுக்கு எத்தனை?

மனிதனை எடுத்த வெள்ளைக்காரர்களும் உண்டு. 1857-ல் சிப்பாய்க் கலகம் நடந்தது. அதற்குப் பிற்பாடு, "நாம் ஆளுகிற ஜனங்கள் யார் யார்?" என்று தெரிந்து கொள்ள வேண்டிய அவசரம் சர்க்காருக்கு வந்தது. 1868 முதல் 1875 வரை "இந்திய மக்கள்" என்று எட்டு வால்யூம் படப் புஸ்தகம் போட்டார்கள். அதிலே மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றால், வியாபாரி கடையில் சரக்கு மாதிரி, இன்ன ஜாதி, இன்ன குலம் என்று சீட்டு ஒட்டி அடுக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்குப் பின் சென்னை மியூசியத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் துரை, காமிராவோடு அளவு கோலையும் எடுத்துக் கொண்டு மலை மலையாய்ப் போய், பூர்வ குடிகளின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909-ல் ஏழு வால்யூம் வந்தது. வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும், தங்களில் நல்லவளாய்ப் பார்த்துப் பிடித்துப் போய், தோலுரித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தி விடுவார் என்று பயந்து ஓடினார்களாம். இதை அவரே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்தப் பெண்கள் பயந்த விவரம் தப்பு. பயந்த காரணம் சரி. உடம்பில் பஞ்சடைக்கவில்லையே தவிர, பேரை எடுத்துவிட்டு ஜாதியை அடைத்துத்தானே புஸ்தகத்தில் நிறுத்தினார்கள்?

அப்படியானால் அந்தப் படங்களையெல்லாம் கொளுத்திவிடலாமா என்று சிலர் கேட்கலாம். கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்கு உதாரணம் சொல்லுகிறேன்.

இந்தக் காரைக்கால் துறையிலிருந்து 1850-களுக்குப் பிற்பாடு நம்முடைய ஏழை ஜனங்களைக் கப்பல் கப்பலாய் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாய் ஏற்றிப் போனார்கள். அதே காலத்தில் வெள்ளைக்காரர் ஆண்ட சென்னை, கல்கத்தா துறைகளிலிருந்து மொரீஷியஸ் தீவுக்குப் போனவர்கள் லட்சக் கணக்கு. மொரீஷியசில் 1867-ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த கூலி வெளியே நடமாட வேண்டுமானால் தன் போட்டோ ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் போலீஸ் பிடித்துக் கொள்ளும். அதாவது, மாட்டுக்குச் சூடு போடுவது போல மனிதனுக்குப் போட்டோ. ஆனால் இன்றைக்கு என்ன நடக்கிறது தெரியுமா? அந்தப் பதிவேடுகளும் படங்களும் அங்கே மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. அந்தக் கூலிகளின் பேரன், கொள்ளுப் பேரன்மார் அங்கே போய், நம்பரைத் தேடி, பேரைத் தேடி, "இதோ எங்கள் பாட்டன்!" என்று கண்டுபிடிக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருஷம் என்பதெல்லாம் தெரிந்து கொள்ளுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இப்படியே. 1938, 39-ல் டிண்டேல் என்ற ஆராய்ச்சிக்காரரும் அவர் கூட்டத்தாரும் அத்தேசத்துப் பூர்வ குடிகளை நிறுத்தி வைத்து அளந்து, படம் பிடித்து, வம்சாவளி எழுதிக் கொண்டு போனார்கள். இன்று அடிலெய்டு மியூசியத்திலிருந்து அந்தப் படங்கள் அந்தந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போகின்றன. பாட்டி முகத்தைப் பார்த்திராத பேத்தி பார்க்கிறாள். அடிமைச் சீட்டாய் எடுத்த படம் குடும்பச் சொத்தாய் ஆகிறது. எதனால் ஆகிறது? படத்தோடு பேரும் ஊரும் வருஷமும் எழுதி வைத்திருந்ததனால் ஆகிறது. நம்மைப் பிடிக்க எழுதினான், நமக்கே பயன்பட்டது. எதிரி எழுதி வைத்த பேர் கூட உபயோகப்படுகிறதென்றால், நம்முடைய பேரை நாமே எழுதி வைத்தால் எவ்வளவு உபயோகப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. போட்டோவில் விழுந்ததெல்லாம் சத்தியம் என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். அமெரிக்காவில் எட்வர்டு கர்ட்டிஸ் என்பவர் 1907 முதல் 1930 வரை அத்தேசத்துப் பூர்வ குடிகளைப் பற்றி 20 வால்யூம் போட்டார். 1910-ல் எடுத்த ஒரு படத்தில், கூடாரத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு கடிகாரம் இருந்தது. புஸ்தகத்தில் போடும்போது அந்தக் கடிகாரத்தை அழித்துவிட்டார். ஏன்? "பழங்குடி" என்றால் கடிகாரம் வைத்துக் கொள்ளக் கூடாது. பழமையாகவே இருந்து, அழகாய் அழிந்து போக வேண்டும் என்பது அவர் ஆசை. நம் ஊரிலும் இந்த மாதிரிப் பேர்வழிகள் வருவார்கள். "என்ஜினை மறைத்து வை, கோவணம் கட்டிக் கொள், கட்டுமரத்தோரம் நில், அப்போதுதான் பாரம்பரியமாக இருக்கும்" என்பார்கள். இடம் கொடுக்காதீர்கள். சுனாமிக்குப் பிற்பாடு கட்டுமரம் போய்க் கண்ணாடியிழைப் படகு வந்துவிட்டது. அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுமரம் கட்டினவன் தன் காலத்துக்கு எது சிறந்ததோ அதைக் கட்டினான். ஆங்கில பாஷையே "கட்டமரான்" என்று அந்த வார்த்தையை நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறது. இன்றைக்கு என்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறவனும் அவன் பேரன்தான். கடிகாரத்தோடு சேர்த்து எடுப்பதுதான் யோக்கியமான படம்.

(கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம ஜாதிப் பெருமையை நாம படம் பிடிச்சு வைச்சா என்ன தப்பு?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. தோழர் கேட்டதற்குச் சந்தோஷம். தர்ஸ்டன் துரை நம்மை ஜாதி ஜாதியாய்ப் பிரித்து அடுக்கினார் என்று இப்போதுதான் சொன்னேன். அவர் ஒட்டின சீட்டை நாமே எடுத்து நம் நெற்றியில் ஒட்டிக் கொள்ளுவதற்குக் காமிரா எதற்கு? பாரம்பரியத்தில் இரண்டு வகை உண்டு. வாடை எப்போது திரும்பும், கொண்டல் அடித்தால் எந்தப் பக்கம் நீவாடு இழுக்கும், தண்ணீர் நிறம் மாறினால் அங்கே என்ன மீன், வலையின் கண் எத்தனை விரல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஆயிரம் வருஷமாய்ப் பார்த்து, தப்பு செய்து, திருத்திக் கொண்ட அறிவு. எந்தப் புராணத்திலும் இல்லாத சாஸ்திரம். இதைக் காப்பாற்ற வேண்டும். இன்னொரு வகை, பொம்பிளை படகைத் தொட்டால் தீட்டு, பொம்பிளை பஞ்சாயத்தில் உட்காரக் கூடாது, இன்னார் தெருவழியே இன்னார் போகக் கூடாது என்பது. இதையும் படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பெருமைக்கு அல்ல, சாட்சிக்கு எடுங்கள். "எங்கள் பாட்டன் காலத்தில் இப்படி ஒரு அக்கிரமம் இருந்தது" என்று பிள்ளைகள் பார்த்துக் காறித் துப்புவதற்கு எடுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது கடிகாரத்தை அழித்த கதையாய்ப் போய்விடும்.

நம்மில் ஒருவர் இந்தக் காரியத்தைச் செய்து கொண்டிருக்கிறார். மதுரைக்காரர் பழனிக்குமார். மீன் விற்ற தாயின் மகன். மலக்குழியில் இறங்கிச் சாகிற ஜனங்களைப் பற்றி 2017-ல் வந்த "கக்கூஸ்" படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவு. ராமநாதபுரத்துக் கடலில் பாசி எடுக்க முழுகுகிற பெண்களையும், மீன் விற்கும் தாய்மாரையும் படமெடுத்து, பேரும் ஊரும் அவர்கள் சொன்ன பேச்சும் சேர்த்துப் போடுகிறார். 2022-ல் இதற்கென்று பரிசும் பெற்றார். ஏழைப் பிள்ளைகளுக்குக் காமிராப் பிடிக்கவும் கற்றுக் கொடுக்கிறார். கூடை சுமந்த தாயின் மகன் எடுத்த படத்துக்கும், பொழுது போக்க வந்தவர் எடுத்த படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இவர் படத்தில் இருக்கிற பெண் காமிராவைப் பார்த்துப் பயப்படவில்லை. பணியப் பெண்கள் ஓடினார்களே, அதற்கு நேர் எதிர்.

இன்று நம் ஒவ்வொருவர் மடியிலும் செல்போன் இருக்கிறது. டிரைப் துரை வண்டி வண்டியாய்ச் சுமந்ததை நாம் சட்டைப் பையில் வைத்துக் கொண்டிருக்கிறோம். அதை வைத்து நாம் என்ன எடுக்கிறோம்? அபிஷேகம் எடுக்கிறோம், சினிமாக்காரன் பானரை எடுக்கிறோம், நம் மூஞ்சியை நாமே நாற்பது தரம் எடுக்கிறோம். ஆத்தாள் திண்ணையில் உட்கார்ந்து வலை கிழிசலைக் கோர்க்கிற கையை ஒரு தரம் எடுத்தோமா?

"வயசானவங்களைப் படம் எடுத்தா ஆயுசு குறையும்" என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போட்டோ என்பது மந்திரமல்ல. 1839-ல் பிரான்சு தேசத்தில் தாகேர் என்பவர் செய்து காட்டினது, வெள்ளி கலந்த உப்பின் மேல் வெளிச்சம் பட்டால் அடையாளம் விழும் என்கிற ரசாயனந்தான். இப்போது வெள்ளிக்குப் பதிலாகச் சின்னச் சில்லு ஒன்று வெளிச்சத்தை எண்ணிக் கொள்ளுகிறது. உங்கள் மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சம், காமிரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க் கொண்டேதான் இருக்கிறது. அதைப் பிடித்து வைப்பதால் உங்களுக்கு ஒரு குந்துமணி நஷ்டமும் கிடையாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதை முடிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ஊரில் வயதில் மூத்தவர்களை, முக்கியமாகப் பெண்களை, அவர்கள் வேலை செய்யும்போது எடுங்கள். கேட்டுக் கொண்டு எடுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமல் எடுக்கிறவனுக்கும் தர்ஸ்டனுக்கும் வித்தியாசமில்லை.

இரண்டு, பேர், ஊர், தேதி, என்ன வேலை, அந்தக் கருவிக்கு என்ன பேர் என்பதைப் படத்தோடு எழுதுங்கள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு தெரிந்தவர் இருந்தால் அதே செல்போனில் அவர் குரலையும் பிடித்து வையுங்கள்.

மூன்று, பழைய டிரங்குப் பெட்டியில், அலமாரியில் இருக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களை வெளியே எடுங்கள். நான் முன்னே சொன்ன அதே புதுச்சேரி நிலையத்தார், கோயில் படத்தோடு நின்றுவிடாமல், 1880 முதல் 1980 வரை நம் நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களையும் தேடிப் பல்லாயிரம் படங்களுக்குப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கிற அக்கறை வீட்டுக்காரனுக்கு இருக்க வேண்டாமா? படத்திலிருக்கிறவர் யாரென்று சொல்லத் தெரிந்த கிழவி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

நான்கு, செல்போன் உடையும். உப்புக் காற்று எதையும் தின்னும். கடல் மறுபடியும் வந்தாலும் வரும். ஆகையால் காகிதத்தில் ஒரு பிரதி போட்டு ஊர் வாசகசாலையிலும், இன்னொரு பிரதி மேட்டுப் பாங்கான வேறொரு ஊரிலும் வையுங்கள்.

கடைசியாக, படத்துக்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். மாலை போட்டால் முகம் மறைகிறது. சூடப் புகை பட்டுக் கண்ணாடி கறுக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு பேனா வாங்கி, படத்தின் பின்னால் நாலு வரி எழுதுங்கள். அந்தப் பேரப் பிள்ளை வளர்ந்து, "அத்தை சாமியாயிட்டாங்க" என்று சொல்லாமல், "எங்கள் அத்தை மீன் விற்று எங்கள் அப்பனைப் படிக்க வைத்தவள்" என்று சொல்லுவானேயானால் அதுதான் பாரம்பரியம், அதுதான் சுயமரியாதை.

நேரமாகிவிட்டது, விடியற்காலம் கடலுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள்.